குலுக்கக் கூடாத பாட்டில்

போன மாதம் கவிதா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பெண் அவள். படத்தில் ஒரு புது மெஷின், மணப்பெண் மாதிரி ரிப்பன் கட்டி நின்றது. கீழே எழுதியிருந்தாள்: "சார், பிளாஸ்மாவ உள்ள வச்சா போதும், ரத்தம் உடைஞ்சிருக்கா இல்லையான்னு இதுவே நம்பர் சொல்லிடுது. இது இல்லாத காலத்துல நீங்கல்லாம் எப்படி சார் பாத்தீங்க?"

இல்லாத காலம்! நான் விருப்ப ஓய்வு வாங்கி வந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. என் தலையில் கறுப்பு முடிக்குப் பெரும்பான்மை போய்விட்டதே தவிர ஆட்சி இன்னும் கவிழவில்லை. அதற்குள் என்னைக் கல்வெட்டில் சேர்த்துவிட்டாள். "நாங்கள் தண்ணீர்க் கடை கணக்கில் பார்த்தோம்" என்று பதில் போட்டேன். அவள் மூன்று கேள்விக்குறி அனுப்பினாள். மிச்சப் பதில் வாட்ஸ்அப்பில் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு டியூப் இரத்தத்தைச் சென்ட்ரிஃபியூஜில் வைத்துச் சுற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்கிற நீர்தான் பிளாஸ்மா. அது டின்னில் விற்கிற செவ்வந்தி டீயின் வெளிர் மஞ்சள் நிறத்தில் இருந்தால் நல்ல பிளாஸ்மா. பார்லித் தண்ணி மாதிரி கலங்கியிருந்தால், வெறும் வயிற்றோடு வந்தேன் என்று சத்தியம் செய்த மனிதர் வழியில் ரொட்டி சானாய் கடையோரம் வண்டியை நிறுத்தியிருக்கிறார். சிராப் என்கிற ரோஜா சர்பத் மாதிரி சிவந்திருந்தால், சிவப்பணுக்கள் உடைந்து தங்கள் சரக்கையெல்லாம் பிளாஸ்மாவில் கொட்டிவிட்டன என்று பொருள். சிராப்பில் பாலைக் கலந்த பண்டோங் நிறத்தில் இருந்தால் ரொட்டி சானாயும் உள்ளே போயிருக்கிறது, இரத்தமும் உடைந்திருக்கிறது. அன்று யாருக்கும் நல்ல நாள் இல்லை.

இந்தத் தண்ணீர்க் கடைப் பட்டியலை வகுத்தவர் என் மேலதிகாரி டாக்டர் பரமேஸ்வரி. வெள்ளைத் தாளை ஒரு கையில் பிடித்து, அதற்கு முன்னால் டியூபைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். இதை எத்தனையோ வருடம் செய்ததில் அவருக்கு ஒரு தொழில் நோய் வந்துவிட்டது. நிறமுள்ள எந்தப் பானமும் தொண்டைக்குள் இறங்காது. எந்த விருந்துக்குப் போனாலும் பச்சைத் தண்ணீர் கேட்பார். "பெரிய டாக்டருக்கு என்ன எளிமை" என்று விருந்துக்காரர்கள் வியப்பார்கள். காரணம் தெரிந்த நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பங்கு சிராப்பையும் குடித்திருக்கிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அடுத்தவர் சிறுநீரை மரியாதையோடு அணுகக் கற்றுக்கொண்டேன். கீழே போடாமல் இருக்கவும் கற்றுக்கொண்டேன். இந்த இரண்டு தகுதிகளோடு பல ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்து, கடைசியில் டாக்டர் பரமேஸ்வரியின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவுக்கு வந்து சேர்ந்தேன். சொந்தக்காரர்கள் என்ன வேலை என்று கேட்டால் "மைக்ரோ ஆர்என்ஏ" என்று சொல்வேன். "சம்பளமும் மைக்ரோவா?" என்று என் மைத்துனர் ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்பார். ஒவ்வொரு தீபாவளிக்கும் சிரிப்பார்.

அவருக்கு நான் விளக்கிய விதத்திலேயே இங்கும் விளக்குகிறேன். அவர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், உடனே பிடித்துக்கொண்டார். உடம்பின் ஒவ்வொரு செல்லும் ஒரு தோட்டம். மானேஜர் துரை பங்களாவுக்குள் உட்கார்ந்து உத்தரவுச் சீட்டு எழுதி அனுப்புகிறார்: இந்தப் புரதம் செய், அந்தப் புரதம் செய், வளர், பெருகு. சீட்டு வேலைக்காட்டுக்குப் போகும் வழியில் ஆபீஸில் ஒரு கிராணி, அதாவது குமாஸ்தா, இருக்கிறார். ஆள் சின்னவர். ஆனால் சீட்டின் மேல் அவர் உட்கார்ந்துவிட்டால் வேலை நடக்காது. சில சீட்டைக் கிழித்தும் போடுவார். ஒரே கிராணி நூறு சீட்டின் மேல் உட்காரக்கூடியவர். அந்தக் கிராணிதான் மைக்ரோ ஆர்என்ஏ.

தோட்டம் ஒழுங்காக நடப்பதே கிராணி எந்தச் சீட்டை விடுகிறார், எதை அமுக்குகிறார் என்பதில்தான் இருக்கிறது. புற்றுநோயில் என்ன ஆகிறதென்றால், 'பெருகு' என்ற சீட்டை அமுக்க வேண்டிய கிராணி காணாமல் போய்விடுகிறார். 'நிறுத்து' என்ற சீட்டின் மேல் உட்காருகிற கிராணிகளோ கூட்டமாகச் சேர்ந்துவிடுகிறார்கள். இதய நோய், சர்க்கரை, ஈரல் கோளாறு எல்லாவற்றிலும் இந்த வர்க்கத்தின் கை இருக்கிறது.

"அப்ப காணாமப் போன கிராணிய ஊசி வழியா திருப்பி அனுப்ப வேண்டியதுதான" என்றார் மைத்துனர்.

விஞ்ஞானிகளுக்கும் அதே யோசனை வந்தது. கூடுதல் கிராணிகளைக் கட்டிப்போடவும் மருந்து செய்து பார்க்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், அனுப்பிய கிராணி நேரே கட்டிக்குப் போவதில்லை. பெரும்பாலும் கல்லீரலிலேயே குவாட்டர்ஸ் வாங்கிக்கொண்டு தங்கிவிடுகிறார். சில சமயம் உடம்பின் காவல்படை இவரைத் திருடன் என்று நினைத்துக் கலவரம் கிளப்ப, சோதனையையே நிறுத்த வேண்டியும் வந்திருக்கிறது. எனவே சிகிச்சை என்பது இன்னும் வழியில் இருக்கிறது. எங்கள் பிரிவு செய்தது அதைவிடச் சின்ன வேலை. இந்தக் கிராணிகளில் சிலர் செல்லை விட்டு வெளியேறி இரத்தத்தில் சுற்றுவார்கள். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த பெண்களின் இரத்தத்தில் அவர்களை அவ்வப்போது எண்ணிப் பார்த்து, நோய் திரும்பினால் முன்கூட்டியே தெரிகிறதா என்று ஆராய்ந்தோம். தெரியும் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாத கட்டம். ஆராய்ச்சி என்று அதற்குப் பெயர் வைத்ததே அதனால்தான்.

இதில் ஒரு தொல்லை. சிவப்பணுவுக்குள்ளும் கிராணிகள் நிறைய உண்டு. இரத்தம் எடுக்கும்போதோ கொண்டுவரும்போதோ அணு உடைந்தால் அவர்கள் எல்லாரும் பிளாஸ்மாவுக்குள் இறங்கிவிடுவார்கள். நாங்கள் எண்ணிவிட்டு, ஐயோ ஏறிவிட்டதே என்போம். அதனால்தான் தண்ணீர்க் கடைக் கணக்கில் நிறம் பார்ப்பது.

டாக்டர் பரமேஸ்வரி கெர்லிங் தோட்டத்தில் ஒரு லோரி டிரைவரின் மகளாகப் பிறந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மரியாதை உயரும். சாதாரண நாளில் நான் "சேகர்". தப்பு நடந்தால் "மிஸ்டர் சேகர்". "மிஸ்டர் சேகர் அவர்களே" என்றால் வீட்டுக்குப் போன் செய்து சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அவருக்கு ஒரே ஒரு விதி: நோயாளியைச் சந்தேகப்படும் முன்னால் டியூபைச் சந்தேகப்படு.

எங்கள் ஆராய்ச்சிக்கு இரத்தம் கொடுத்த பெண்களில் பலர் கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்து, பிறகு தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிவந்தவர்கள். இரத்தம் கொடுக்க அவ்வளவு தூரம் பஸ் மாறி ஆஸ்பத்திரிக்கு வருவது சிரமம் என்பதால் நாங்களே போவது என்று முடிவானது. அசாம் ஜாவா பக்கம் ஒரு பழைய தோட்டத்துக் கிளினிக் கட்டடம் சும்மா கிடந்தது. எங்கள் நர்ஸ் தேவி, எல்லாரும் மிஸி என்று கூப்பிடுவார்கள், அங்கே போய் இரத்தம் எடுத்து அனுப்பினாள். அங்கிருந்து வந்த முதல் பெட்டியில்தான் வம்பு வந்தது.

பெட்டியில் இருந்த எல்லார் எண்ணிக்கையும் கொஞ்சம் கொஞ்சம் ஏறியிருந்தது. ஒருவருடையது மட்டும் நிறைய. அவர் சந்தனமேரி அக்கா. முன்பு பால்மரக் காட்டில் ரப்பர் பால் வெட்டுகிற வேலை, பிறகு அசாம் ஜாவாவில் தேங்காய்ப்பால் சோறு விற்கிற நாசி லெமாக் கடை. வாய்க்கும் சம்பலுக்கும் காரம் ஒன்றே.

பிளாஸ்மாவை டாக்டரும் நானும் வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தோம்.

"செவ்வந்தி டீதான் டாக்டர்" என்றேன்.

"டீதான். ஆனா யாரோ பக்கத்துல சிராப் வச்சிருக்காங்க" என்றார்.

பக்கத்துப் பிரிவுக்கு எடுத்துப் போய், நிறத்தை அளக்கிற ஒளிமானியில் வைத்தோம். கொஞ்சம் உடைந்திருப்பதாகவே காட்டியது. ஆனால் ஏறியிருக்கிற அளவு முழுவதற்கும் அந்தக் கொஞ்சம் பொறுப்பாகுமா என்பது தெரியவில்லை. சிவப்பணுவோடு அவ்வளவாகச் சம்பந்தமில்லாத ஒரு கிராணியும் அவருடைய டியூபில் லேசாகத் தலை தூக்கியிருந்தார். எல்லாரையும் மறுபடி கூப்பிட்டு இரத்தம் எடுங்கள் என்றார் டாக்டர்.

மறுநாள் காலையில் ஆய்வுக்கூட வாசலில் ஒரு குரல்.

"எந்தத் தம்பி என் ரத்தத்தப் பாத்தது?"

கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்துப் பழக்கம்.

"சாப்பிட்டியா?" மேசை மேல் நாசி லெமாக் பொட்டலங்களை வைத்தார். "சரி, இப்ப சொல்லு. திரும்பி வந்துருச்சா?"

"அக்கா, இது வெறும் ஆராய்ச்சிதான்..."

"நல்ல செய்தின்னா ஆஸ்பத்திரில இருந்து எவன் போன் அடிக்கிறான்? நேத்து அந்த மிஸி என்னைய 'ஆண்ட்டி'ன்னு கூப்பிட்டுச்சு லா! இத்தன வருசமா 'நம்பர் சொல்லுங்க'ன்னுதான் கேக்கும். அந்த ஒத்த வார்த்தையில எனக்கு ராத்தூக்கம் போச்சு."

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவை உட்கார வைத்து, தானும் எதிரே உட்கார்ந்தார்.

"எண்ணிக்கை ஏறியிருக்கும்மா. அது நிஜமா ஏறினதா, ரத்தம் உடைஞ்சதால ஏறினதான்னு எனக்குத் தெரியல."

"கவலப்படாதன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா டாக்டரம்மா?"

"அதுக்கு எனக்கு லைசென்ஸ் இல்லம்மா. தெரிஞ்சா சொல்வேன். காரணம் ஒண்ணு உங்க உடம்பு, இல்ல எங்க டியூப். எதுன்னு பாக்கத்தான் மறுபடி கூப்பிட்டது."

அக்கா பொட்டலங்களை மேசையில் வரிசையாக அடுக்கினார். 

"மக பிலோமினாவுக்குக் கல்யாணம் பேசியிருக்கு. பையன் சபாக்ல. கோயில்ல நாள் குறிச்சாச்சு, பத்திரிகை அடிக்கக் குடுக்கணும். போன தடவ எனக்கு இது வந்தப்ப அவ காலேஜ விட்டுட்டு வந்து என் பக்கத்துல உக்காந்தா. போடீன்னேன், போகல. இப்ப தெரிஞ்சா கல்யாணத்த நிறுத்திட்டு மறுபடி உக்காந்துருவா. அவகிட்ட இன்னும் சொல்லல. தள்ளி வைக்கவா, முன்னாடி இழுக்கவா? அது மட்டும் சொல்லுங்க. முன்னாடி இழுத்தா முடி கொட்டறதுக்குள்ள முடிச்சிரலாம். போட்டோவுல மொட்டத் தலையோட நிக்க மாட்டேன்."

"தள்ளவும் வேணாம், இழுக்கவும் வேணாம். ஒரு வாரம் பொறுங்க. பத்திரிகைய மட்டும் இன்னும் குடுக்காதீங்க."

"டியூப்பா இருக்கணும்னு மாதாகிட்ட வேண்டிக்கிறேன்."

"வேண்டிக்குங்கம்மா. நானும் டியூப் பக்கந்தான்."

அக்கா போன பிறகு டாக்டர் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். "மிஸ்டர் சேகர்," என்றார், "டியூபைச் சந்தேகப்படுவோம்."

சந்தேகம் முதலில் விழுந்தது ரோட்டின் மேல். அசாம் ஜாவாவிலிருந்து வருகிற வழியில், தோட்டத்துக்குள் செம்மண் பாதை ஒன்று உண்டு. எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் போய்ப் போய் அது பாதையாக இல்லாமல் ஒரு கருத்து வேறுபாடாக மாறியிருந்தது. அடுத்த சந்தேகம் ஊசி. அதற்கடுத்து கையில் கட்டுகிற ரப்பர் பட்டை. பிறகு ஐஸ் பெட்டி. தேவியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாம் முறைப்படிதான் நடந்திருந்தது. அவள் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்ட மாதிரி மட்டும் இருந்தது.

"நேர்ல போய்ப் பாத்துரலாம்" என்றார் டாக்டர். மறுபடி இரத்தம் எடுக்கிற நாளில் என் காரில் கிளம்பினோம்.

கிளினிக் வாசலில் வெள்ளை அரைக்கைச் சட்டை, கஞ்சி போட்ட கால்சட்டை, பாலிஷ் போட்ட சப்பாத்தோடு ஒரு பெரியவர் எங்களை வரவேற்றார். டிரெஸ்ஸர் முத்தையா. இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: அந்தக் காலத்துத் தோட்டத்தில் டாக்டர் எப்போதாவது ஜீப்பில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் பிரசவம், பாம்புக்கடி, சம்சு சாராயம் அடித்துவிட்டு மண்டை உடைத்துக்கொண்டவன், எல்லாமே டிரெஸ்ஸர் பொறுப்பு. தொழிலாளர் லயத்தில் கடவுளுக்கு அடுத்த இடம். கடவுள் ஊசி போடுவதில்லை என்பதால் பயத்தில் முதலிடம். ஐயா ஓய்வு பெற்று எத்தனையோ காலமாகியும் கிளினிக் சாவி அவரிடமே இருந்தது. நாங்கள் யாரும் கேட்காமலே உதவிக்கு வந்திருந்தார்.

தேவி முதல் பெண்மணிக்கு ரப்பர் பட்டை கட்டி, சுத்தமாக ஊசி ஏற்றி, ஊதா மூடி டியூபில் இரத்தத்தை எடுத்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த டியூபை நாலைந்து தடவை மெதுவாகத் தலைகீழாகச் சாய்த்து நிமிர்த்த வேண்டும். தூங்குகிற பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைக்கிற மாதிரி. அவ்வளவுதான்.

"குடும்மா இங்க" என்று டிரெஸ்ஸர் ஐயா கையை நீட்டினார்.

தேவி கொடுத்தாள். ஐயா டியூபைக் கட்டை விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்தார், தோளிலிருந்து கையை இறக்கினார், பிறகு குலுக்கினார். என்ன ஒரு குலுக்கல்! மேலும் கீழும், மணிக்கட்டு உடையாமல், சுருதி பிசகாமல். குலுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திருப்தியோடு தட்டில் வைத்தார்.

டாக்டர் பரமேஸ்வரி என் காதருகே குனிந்தார். "மிஸ்டர் சேகர் அவர்களே, அது என்ன?"

"மிக்சர், டாக்டர்."

அவருக்கும் உடனே புரிந்தது. தோட்டத்தில் வளர்ந்தவர் எவருக்கும் புரியும். எங்கள் எல்லாருடைய காய்ச்சலும் இருமலும் வயிற்றுப்போக்கும் மிக்சர் என்கிற ஒரே பாட்டில் மருந்தால் குணமாக்கப்பட்டவை. மருந்துப் பொடி அடியில் தங்கிவிடும். 'குலுக்கிக் குடி' என்பதுதான் கிளினிக்கின் முதல் வேதம். சனங்கள் குலுக்குவார்கள் என்று நம்பிக்கையில்லாத டிரெஸ்ஸர்கள் தாங்களே குலுக்கிக் கொடுத்தார்கள். ஒரு தலைமுறையையே உயிரோடு வைத்திருந்த குலுக்கல் அது. அந்தக் கையில் டியூபைக் கொடுத்தால் அது வேறென்ன செய்யும்?

"ஐயாகிட்ட சொல்லுங்க" என்றார் டாக்டர் மெல்லிய குரலில்.

"நீங்கதானே டாக்டர் தலைவர்."

"எங்க கெர்லிங் டிரெஸ்ஸரும் இதே சட்டதான் போடுவாரு. என்னால முடியாது." டாக்டர் பட்டம் வாங்கியவர், மாநாடுகளில் வெள்ளைக்காரர்களை எழுந்து நின்று கேள்வி கேட்டவர், கதவோரம் ஒதுங்கி நின்றார்.

நான் தேவியைப் பார்த்தேன். தேவி தரையைப் பார்த்தாள். "எனக்குச் சின்னதுல அம்மை ஊசி போட்டது ஐயாதான் சார்" என்றாள். அன்று அவள் சொல்ல வந்து விழுங்கியது என்னவென்று இப்போது தெரிந்தது.

"போன தடவையும் எல்லாத்தையும் குலுக்கினாரா?"

"எல்லாத்தையும் சார். மேரி ஆண்ட்டியோடத மட்டும் கூடக் கொஞ்சம். நம்ம மேரிக்கு நல்லா இருக்கணும்னு சொல்லிச் சொல்லிக் குலுக்கினாரு."

அன்பின் அளவுக்கு அணு உடைந்திருக்கிறது! அதே சமயம், இந்தக் குலுக்கல்தான் முழுக் காரணம் என்று அப்போதும் சொல்ல முடியாது. குலுக்காத இரத்தம் ஒன்று கையில் வந்தால்தான் தெரியும். அடுத்து எழுந்திருக்க வேண்டியவர் சந்தனமேரி அக்கா. அவர் எங்கள் பின்னால் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இதானா விசயம்?" என்றார் மெல்ல.

"இதாவும் இருக்கலாம் அக்கா."

"ஐயா மனசு நோகாம அந்தக் கையத் தடுக்கணும். அவ்ளதான?"

எழுந்து போய் தேவிக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒரு கையைத் தேவியிடம் நீட்டினார். தலையைத் திருப்பி, நான் அதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரலில் சொன்னார்: "ஐயா, எனக்குப் பயமா இருக்குய்யா."

"பயமா? உனக்கா?" டிரெஸ்ஸர் ஐயா சிரித்தார். "நீ பொறந்தப்ப உன்னத் தலைகீழாப் பிடிச்சு முதுகுல தட்டினதே நாந்தான். ஊசி போட வந்தா என் கையக் கடிச்சவளாச்சே நீ."

"இப்பவும் கடிச்சாலும் கடிச்சிருவேன். என் கையப் பிடிச்சுக்குங்கய்யா."

அவர் ஒரு கையால் பிடித்தார்.

"ரெண்டு கையாலயும்."

டிரெஸ்ஸர் ஐயா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அக்காவின் மறு கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். டியூப் நிறைந்தது. தேவி அதை என் பக்கம் நீட்டினாள். நான் தூங்குகிற பிள்ளையைப் புரட்டினேன். டிரெஸ்ஸர் ஐயா டியூபைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பயம் என்று அக்கா சொன்னது தந்திரம்தான். ஆனால் கண்ணில் நின்ற தண்ணீரைத் தந்திரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்து வந்த பெண்மணியும் பயமாக இருக்கிறது என்றார். அவருக்கு அடுத்தவருக்கும் பயம். முதலில் இரத்தம் கொடுத்துவிட்டுப் போன பெண்மணியைத் திரும்பக் கூப்பிட்டபோது, அவருக்கும் புதிதாகப் பயம் வந்திருந்தது. ஐயாவின் இரண்டு கைகளுக்கும் அன்று முழுக்க வேலை இருந்தது.

திரும்பி வரும்போது டாக்டர் டியூப் தட்டை மடியில் வைத்துக்கொண்டார். என் கார் ஓட்டத்தைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை சொல்லாதவர், அன்று "வேகமாப் போங்க" என்றும் "மெதுவாப் போங்க" என்றும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டுமே சரி. நேரமானாலும் இரத்தம் கெடும், குலுங்கினாலும் கெடும். எங்கள் முன்னால் ஒரு செம்பனை லோரி, முந்தவும் விடாமல் நிற்கவும் மாட்டாமல், எங்கள் துறையின் முன்னேற்றத்தைப் போலவே நகர்ந்துகொண்டிருந்தது.

சென்ட்ரிஃபியூஜ் நின்றதும் அக்காவின் டியூபை எடுத்து வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்தேன். செவ்வந்தி டீ. பக்கத்தில் யாரும் சிராப் வைத்திருக்கவில்லை.

ஆனால் நிறம் நன்றாக இருப்பது வேறு, எண்ணிக்கை நன்றாக இருப்பது வேறு. உடையாத இரத்தத்தில் ஏறியிருந்தால் அது நிஜமாகவே ஏறியது. பிளாஸ்மாவிலிருந்து கிராணிகளைப் பிரித்தெடுத்து, எண்ணுகிற மெஷினில் ஏற்றினோம். திரையில் ஒரு கோடு தரையோடு படுத்திருந்து, ஒரு கட்டத்தில் மேலே எழும். சீக்கிரம் எழுந்தால் கிராணிகள் அதிகம். தாமதமாக எழுந்தால் குறைவு. இந்த நாட்டில் தாமதமானால் சந்தோஷப்படுகிற ஒரே அலுவலகம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

டாக்டர் என் பின்னால் வந்து நின்றார். வழக்கமாகத் திரையைப் பார்க்க மாட்டார், முடிந்த பிறகுதான் வருவார். போன தடவை அக்காவின் கோடு எழுந்த இடத்தில் நான் திரையில் விரலை வைத்திருந்தேன். கோடு படுத்தபடி வந்தது. விரலுக்கு அடியில் வந்தது. எழும்பாதே, எழும்பாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டர் வாய்விட்டே சொன்னார். கோடு விரலைத் தாண்டிப் படுத்தபடியே போனது. இன்னும் போனது. பிறகு, அக்கா ஆஸ்பத்திரிக்கே வந்து இரத்தம் கொடுத்த காலத்தில் எங்கே எழுந்ததோ அங்கே வந்து, சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தது. தலை தூக்கிய அந்த இன்னொரு கிராணியும் தன் பழைய நாற்காலிக்கே திரும்பியிருந்தார்.

"டியூப்" என்றார் டாக்டர் பரமேஸ்வரி. உட்கார நாற்காலி தேடினார். என்னுடையதைக் கொடுத்தேன்.

அத்தோடு விடவில்லை. ஆராய்ச்சியை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று அக்காவின் சிகிச்சை டாக்டரிடம் பேசி, முறையான ஸ்கேனும் எடுக்க வைத்தார். அதுவும் சுத்தம். பிறகுதான் போன் செய்தார்.

"ஏறினது குலுக்கலால ஏறினதும்மா. இப்ப பழைய இடத்துலயே இருக்கு. ஸ்கேன்லயும் ஒண்ணும் இல்ல. அடுத்த தடவ வழக்கம் போலப் பாக்கலாம்."

ஸ்பீக்கரில் சம்பல் கொதிக்கிற சத்தமும், அடுப்பை அணைக்கிற சத்தமும் கேட்டன.

"டாக்டரம்மா, பத்திரிகை அடிக்கக் குடுத்துரட்டா?"

"குடுங்க."

"பிலோமினா!" என்று ஒரு அலறல். எங்களை மறந்து அந்தப் பக்கம் கத்தினார். "அடியே, அச்சகத்துக்காரனுக்குப் போனப் போடு! ஏன் அழுவுறேன்னு கேக்காத, வெங்காயம்!"

டிரெஸ்ஸர் ஐயாவிடம் நாங்கள் கடைசி வரை ஒன்றும் சொல்லவில்லை. நான் வேலையில் இருந்த வரை அந்தக் கிளினிக்கில் கையைப் பிடித்துக்கொள்வது அவர் பொறுப்பு. அங்கிருந்து வந்த பிளாஸ்மாவைப் போலத் தெளிவாக வேறெங்கிருந்தும் வந்ததில்லை. டாக்டர் ஆராய்ச்சி முறையை எழுதியபோது இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார். கவிதா, உன் மெஷினும் இதைக் கேட்காது.

கல்யாணம் கோயிலில் நடந்து, பக்கத்து மண்டபத்தில் விருந்து. சந்தனமேரி அக்கா கறுப்புச் சாயம் பூசிய சொந்த முடியில் மல்லிகை வைத்துக்கொண்டு, போட்டோக்காரரை ஒவ்வொரு மேசையாக இழுத்து வந்தார். டிரெஸ்ஸர் ஐயா மணமக்களுக்குப் பக்கத்து மேசையில், அதே வெள்ளைச் சட்டையில். எங்கள் மேசை மேல் வெள்ளைத் துணி, துணி மேல் கண்ணாடி கிளாஸ்களில் சிராப்.

நான் வழக்கம் போல டாக்டரின் கிளாஸை என் பக்கம் நகர்த்தக் கையை நீட்டினேன். அதற்குள் அவர் அதை எடுத்துவிட்டார். வெள்ளைத் துணிக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"டாக்டரம்மா!" பின்னாலிருந்து அக்காவின் குரல். "அது சிராப்பு லா, என் ரத்தம் இல்ல. குடிங்க."

டாக்டர் பரமேஸ்வரி ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளாஸை வைத்தார். "இனிப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். பிறகு என் கிளாஸையும் எடுத்துக்கொண்டார்.